சர்க்கரைக்கொல்லி

சிறுகுறிஞ்சான் இலை இரண்டை மென்றுவிட்டு ஒரு மக்ரூனைக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா அய்யா? தூத்துக்குடியில் வேலை பார்க்கிற நீங்கள் மக்ரூன் தின்னாமல் இருந்திருக்க மாட்டீர்கள். இலையை மென்ற நாக்குக்கு அது இனிக்காது. முந்திரி தெரியும், முட்டை வாடை தெரியும், இனிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வாயில் நொறுங்கும். கொஞ்ச நேரத்தில் நாக்கு பழையபடி ஆகிவிடும். கெடுதல் ஒன்றும் கிடையாது. அதனால்தான் அந்தக் கொடிக்குச் சர்க்கரைக்கொல்லி என்று இன்னொரு பெயர்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், அந்தக் கொடியின் மேல் பழி விழுந்துவிடக் கூடாது என்பதுதான். பேப்பரில் 'மூலிகை மருந்தால் ஆசிரியை சாவு' என்று போட்டிருக்கிறார்கள். அது தப்பு. இலையால் யாரும் சாகவில்லை. இலையைப் பொடித்து வெந்நீரில் கலந்து குடித்தால் இனிப்பின் மேல் உள்ள ஆசை குறையும். சர்க்கரை நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு ஓரளவு சர்க்கரையும் இறங்கும். வேரைக் கஷாயம் வைத்துச் சளிக்குக் கொடுப்பார்கள். ஒரே ஒரு பக்குவம்தான் முக்கியம். நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் நிறமும் போகும், சத்தும் போகும். அதற்கப்புறம் அது வெறும் சருகு.

என் பெயர் ஹென்றி. சொந்த ஊர் சாயர்புரம். உப்பைப் பாக்கெட் போட்டு அனுப்புகிற ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். முதலாளி அதை மூடிவிட்டு மகளோடு போய் இருந்துகொண்டார். அதன் பிறகு எனக்கு வேலை அமையவில்லை. என் மனைவி ஜாய் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஜாய்க்குச் சர்க்கரை உண்டு. சாதாரணமாக வயதான பிறகு வருகிற சர்க்கரை இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலேயே வந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவளுடைய அப்பா என்னை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் என் காதால் கேட்க வைத்தார். இந்தப் பெண்ணின் உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காது, தினமும் ஊசி போட வேண்டும், போட்டால் நம் எல்லாரையும் போல இருப்பாள், போடாவிட்டால் இருக்க மாட்டாள் என்று அந்த டாக்டர் தெளிவாகச் சொன்னார். தெரிந்துதான் கட்டினேன். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

வேலை போன பிறகு நான் படுத்துக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே படுக்கையில்தான் கிடந்தேன். குளிக்க மாட்டேன், கோயிலுக்குப் போக மாட்டேன். ஜாய் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சோற்றை எடுத்து மூடி வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது அது அப்படியே இருக்கும். அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவளுடைய பொறுமை எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்காத பையன்களிடம் காட்டுகிற பொறுமை அது.

எங்கள் வேலியில் சிறுகுறிஞ்சான் படர்ந்து கிடந்தது. யாரோ கேட்டார்கள் என்று பறித்துக் காயவைத்துப் பொடித்துக் கொடுத்தேன். அவர்களுக்குச் சர்க்கரை இறங்கியது. அவர்கள் இன்னொருவரை அனுப்பினார்கள். ஜாய் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். நான் குளித்ததற்காகச் சந்தோஷப்பட்டாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவள்தான் போனைப் பிடித்து முதல் வீடியோவை எடுத்தாள். இலையை மென்றுவிட்டு நான் மக்ரூன் தின்று காட்டினேன். ஜனங்கள் அதை விரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் ஒன்று கவனித்தேன். கீழே எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஊசி போடுகிறவர்களுக்கு இந்தப் பொடி கேட்குமா என்று. பதில் எனக்குத் தெரியும். கேட்காது. ஆனால் அப்படிச் சொன்னால் யார் பார்ப்பார்கள்? ஒருநாள் ஜாயிடம், நீ என் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியை விட்டுவிட்டேன் என்று சொல்லேன் என்றேன்.

“ஒரு தடவ சொன்னா போதும்லா?” என்று கேட்டாள்.

போதும் என்றேன். காட்டன் சேலை கட்டி, தலைவாரி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள். பாடம் நடத்திப் பழகிய குரல். சொன்னால் யாரும் நம்புவார்கள். அந்த ஒரு வீடியோதான் எங்களைத் தூக்கிவிட்டது. துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் ஆட்கள் பேசினார்கள். பொடிப் பாக்கெட்டில் எங்கள் இரண்டு பேர் படத்தையும் போட்டேன். சபைப் போதகரான ஐயர் என்னைப் பார்த்தால் நின்று பேசுவார். பஸ்ஸில் போனால், என்னை டீச்சர் வீட்டு சார் என்று சொன்னவர்கள் ஜாயை வைத்தியர் வீட்டு டீச்சர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

இங்கே நீங்கள் ஒன்று கேட்பீர்கள். அவள் ஊசியை உண்மையிலேயே விட்டுவிட்டாள் என்று நான் நம்பினேனா? வீட்டில் ஊசி இல்லை. ஃப்ரிட்ஜில் மருந்து இல்லை. காலையும் இரவும் நான் கொடுக்கிற பொடியைக் குடித்தாள். நன்றாகவும் இருந்தாள். நான் எதையும் கிளறிப் பார்க்கவில்லை. வீட்டில் சமாதானமாக இருக்கும்போது ஒரு மனிதன் எதற்காகக் கிளற வேண்டும்?

கோடை லீவு விடுகிற சமயம் காயல்பட்டினத்திலிருந்து ஹாஜரா பீவி என்று ஓர் அம்மாள் வந்தார். மகள் ருமைஸா கல்லூரியில் படிக்கிறவள். ஜாயைப் போலவே சின்ன வயதிலிருந்து ஊசி. எங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஊசியை நிறுத்திவிட்டுப் பொடியைக் குடித்திருக்கிறாள். நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டிருக்கிறாள். அந்த அம்மாள் சண்டை போட வந்திருப்பதாக நினைத்து நான் வாசலிலேயே நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஜாயின் முன்னால் உட்கார்ந்தார்.

“ஒங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன் டீச்சர்” என்றார். “எம்புள்ள சொல்லுதா, நான் சரியாக் குடிக்கல உம்மா, அந்த டீச்சருக்குக் கேட்டிருக்கே, எனக்கு ஏன் கேக்கலன்னு. திரும்பவும் ஊசிய நிறுத்திப் பார்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. நெசமாவே ஒங்களுக்குக் கேட்டுச்சா?”

ஜாய் என்னைப் பார்க்கவில்லை.

“இல்லம்மா” என்றாள். “நான் தெனமும் ஊசி போட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒங்க மககிட்ட நானே பேசுதேன்.”

அந்த அம்மாள் திட்டவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து, எங்கள் நாற்காலியில் அழுதுவிட்டுப் போனார். அதை நான் மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம் ஃப்ரிட்ஜில் மருந்தை வைத்திருந்தாளாம். அங்கேயே போட்டுக்கொள்வாளாம். இரவுக்கும் லீவு நாளுக்கும் உள்ளதைச் சின்ன ஃபிளாஸ்க்கில் ஐஸ் வைத்துக் கைப்பையில் கொண்டுவருவாளாம். எத்தனை காலமாக. என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என் பொடியைக் குடித்துக்கொண்டு. அவளோடு வேலை பார்க்கிற டீச்சர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லும்போது சிரித்த சிரிப்பின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இனி ஒளித்து வைக்க வேண்டியதில்லை என்று, லீவு விட்ட அன்று மருந்தை எல்லாம் வீட்டுக்கே கொண்டுவந்து, எங்கள் ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற இடத்தில் அடுக்கினாள். அடுக்கிவிட்டு, வீடியோவில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றாள். நான் கூச்சல் போடவில்லை. சபையில் அசன விருந்து வருகிறது, உறவுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், அது முடிகிறவரை பொறு என்று மட்டும் கேட்டேன். நியாயமான வேண்டுகோள்தான். அவளும் சரி என்றாள். ருமைஸாவிடம் மட்டும் அன்றைக்கே போனில் பேசிவிட்டாள்.

மொட்டைமாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே நிழலில் என் இலைகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் முழுக்க வெயில். மே மாதத்து வெயில், உப்பளத்துக் காற்று. ஜாய் அசன வேலையாகக் கோயிலுக்குப் போகிற நேரங்களில் அவளுடைய மருந்துக் குப்பிகளை எடுத்துப்போய் வெயிலில் வைத்தேன். அவள் வருவதற்குள் எடுத்துத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். நான் அதில் எதையும் கலக்கவில்லை. விஷம் வைத்தவன் என்று என்னை எழுதாதீர்கள். இலைக்கு வெயில் என்ன செய்யுமோ அதைத்தான் மருந்துக்கும் செய்தது.

அசனத்தன்று அவள் பந்தி பரிமாறினாள். இடையிடையே செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். அவளுடைய தங்கை ஜெபசுதா நர்ஸ். ஏன் அக்கா முகம் வாடியிருக்கு என்று கேட்டாள். அடுப்புப் பக்கம் நின்ற சூடு என்றேன் நான்.

மறுநாள் வாந்தி. சர்க்கரை பார்க்கிற மிஷினில் எண் ஏறிக்கொண்டே போனது. அவள் மருந்தின் அளவைக் கூட்டிப் போட்டாள். இறங்கவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்கும்போல, புதுசு வாங்கி வாருங்கள் என்றாள். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனேன். வாங்கவும் செய்தேன். துறைமுகக் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கப்பல் ஒன்று வெளியில் நின்றது. காற்று நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து, கடையில் ஸ்டாக் இல்லை, நாளைக்கு வருமாம் என்று சொன்னேன். வண்டிப் பெட்டியில் நீங்கள் எடுத்த குப்பி அதுதான். அது நல்ல மருந்து. யாருக்காவது பயன்படும்.

அன்று மத்தியானம் அவள் பெரிது பெரிதாக மூச்சு வாங்கினாள். மூச்சில் அழுகின பழத்தின் வாடை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவளுடைய போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஜெபசுதா கூப்பிட்டபோது, அக்கா தூங்குகிறாள் என்றேன்.

அதன் பிறகு ஜாய் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அறிவியல் டீச்சர் இல்லையா?

“உள்ள துகள் துகளா மெதக்குது” என்றாள். “இத எங்க கொண்டுபோய் வச்சீங்க?”

“ஃப்ரிட்ஜுலதான் இருந்துச்சு.”

அவள் குப்பியைப் படுக்கையில் வைத்தாள். மூச்சு வாங்கியபடியே பேசினாள்.

“நான் ஒங்கள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். நான்தான் பொய் சொன்னேன், எங்க சாருக்குத் தெரியாதுன்னுதான் வீடியோல சொல்லணும்னு இருந்தேன்.”

அது எனக்குத் தெரியாது அய்யா. அவள் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதுதான் அவளிடம் உள்ள கெட்ட பழக்கம். எல்லாவற்றையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வாள்.

அவள் அதைச் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தாள் என்று நேற்று கேட்டீர்கள். சாயங்காலம் வரை இருந்தாள். ஆட்டோ ஸ்டாண்டு எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. தங்களை யாரும் கூப்பிடவில்லை என்று அந்தப் பையன்கள் சொல்லியிருப்பது சரிதான். நான் யோசித்தேன். அவள் பிழைத்தால் துகள் மிதந்த குப்பியும் பிழைக்கும். இதையும் அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். அது எனக்கு உறுதியாகத் தெரியும். சொல்லாமல் வைத்துக்கொண்டு, சோற்றை மூடி வைத்துவிட்டு, அதே பொறுமையோடு என்னைப் பார்ப்பாள். மீதியிருக்கிற காலம் முழுக்க அந்த முகத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரு மனிதனால் எவ்வளவுதான் தாங்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்குக் கொஞ்சம் இலைக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். பாதியைக் குடித்தாள். பிறகு நான் மாடிக்குப் போனேன். இலைகளைப் புரட்டிவிட வேண்டிய நேரம். வெளிச்சம் நன்றாக இருந்ததால், நிழலில் காயவைக்கிற பக்குவத்தைப் பற்றி ஒரு வீடியோவும் எடுத்தேன். அதை நீங்கள் எல்லாரும் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அதில் பின்னாலிருந்து ஒரு குரல் ‘ஏங்க, ஏங்க’ என்று கூப்பிடுவது கேட்கிறது என்று உங்கள் எஸ்.ஐ. சொன்னார். நானும் கேட்டுப் பார்த்தேன். கேட்கத்தான் செய்கிறது. எடுக்கும்போது எனக்குக் காற்றுச் சத்தம்தான் கேட்டது. நல்ல மைக் வாங்கியிருந்தேன்.

இருட்டுவதற்கு முன்னால் ஜெபசுதா வந்துவிட்டாள். போனில் என் குரல் சரியில்லையாம். அக்காளின் வாய்ப்பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தாள். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அழக்கூட இல்லாமல் படுக்கையில் கிடந்த குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“அத்தான், இத நீங்க தொடாதீங்க” என்றாள்.

அதைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அடக்கத்துக்கு முன்னாலேயே உங்களிடம் வந்துவிட்டாள். அக்காளுக்குச் சேலை மாற்றக்கூட அவள் நிற்கவில்லை. அதை நான்தான் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன். காட்டன் சேலை, ஊசியை விட்டுவிட்டேன் என்று சொன்ன வீடியோவில் கட்டியிருந்தது. அது அவளுக்கு எடுப்பாக இருக்கும்.

ஹாஜரா பீவியும் உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். அவருடைய மகள் இப்போது ஒழுங்காக ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. ஜாய் ஒரு போன் பேசி ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாள். மற்றவர்களைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். விளாத்திகுளத்தில் ஒருவர், நாகர்கோவில் பக்கம் ஒரு பெண் என்று நீங்கள் படித்த பெயர்கள் எனக்குப் பழக்கமில்லை. பொடி வாங்குகிற எல்லாரையும் எனக்கு எப்படித் தெரியும்? ஊசியை நிறுத்து என்று நான் யாரிடமும் நேரில் சொன்னதில்லை. ஜாய்தான் சொன்னாள். வீடியோவில் இருப்பது அவளுடைய முகம், அவளுடைய குரல்.

எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி ஜாயின் மருந்தைத் தெரிந்தே கெடுத்தேன். மருந்தை வாங்கியும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அவள் சாகிற வரைக்கும் யாரையும் கூப்பிடவில்லை. அவளுக்கு இலை கேட்காது என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். இதில் எதையும் நான் மறைக்கவில்லை. இலையைப் பற்றி மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். அதை நம்பி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அப்புறம், ஏட்டய்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது. பிடிக்கும்போது என்னிடமிருந்து எடுத்த பையில் வெள்ளை மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். நேற்றிலிருந்து போடவில்லை. எனக்கு இருப்பது சாதாரணச் சர்க்கரைதான் அய்யா. கம்பெனி மூடுவதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது. ஒருநாள் விடாமல் போட்டுவருகிறேன், அதனால்தான் கட்டுக்குள் இருக்கிறது. என் உடம்புக்கு இலை ஒன்றே போதும். ஆனாலும் வீணாக எதற்கு விஷப்பரீட்சை.